ஆள் தேவை, ராஜ்யம் தரப்படும்

1974 ஜனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. மரப்பலகை மாதிரித் தெரியும் தாள் ஒட்டிய பெட்டி; உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள். விலை 10 டாலர். அச்சிட்டது 1000 பிரதி. பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடுகிற கற்பனை விளையாட்டுகள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கடைக்கு வந்தவற்றில் மூத்தது இதுதான்.

நெட்ஃபிளிக்ஸில் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ பார்த்தவர்களுக்கு இது நாலு பையன்கள் கூடிக் கத்திக்கொண்டு பூதத்தோடு மல்லுக்கட்டும் ஆட்டம். அது பாதிதான். அந்தப் பெட்டியின் மூன்றாவது புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனால், பாதியைத் தாண்டியதும், கர்ணம் வீட்டுப் பேரேட்டிலிருந்து கிழிந்து வந்து ஒட்டிக்கொண்டதுபோல ஒரு பகுதி வரும். கோட்டை கட்டிக்கொண்ட பிரபுவின் எல்லைக்குள் இரண்டு முதல் எட்டு ஊர்கள் இருக்கும். ஊருக்கு 100 முதல் 400 பேர். தலைக்கு ஆண்டுக்கு 10 பொற்காசு வருமானம். அது போதாதென்றால் சாலை, சத்திரம், மீன்பிடிப்பு, கால்நடை வளர்ப்பு, மரம் வெட்டுதல், கப்பல் கட்டுதல், வழிபாட்டிடம் என்று எதில் வேண்டுமானாலும் முதல் போடலாம். அதே புத்தகத்தில் ‘கோபம் கொண்ட ஊரார்’ என்றே ஒரு விதி உண்டு. ஆட்டக்காரர் அளவுக்கு மீறி அட்டூழியம் செய்தால், ஆட்டத்தை நடத்தும் நடுவர் ஊர்க்காவலையும் திருடர் கூட்டத்தையும் அவர்மேல் ஏவி வழிக்குக் கொண்டுவரலாம்.

வாளும் மந்திரமும் நிறைந்த ஆட்டத்தில் வரிக்கணக்குக்கு என்ன வேலை என்று தோன்றும். பலரும் அதை விறுவிறுப்பில்லாத பின்னிணைப்பாகத்தான் தாண்டிப்போனார்கள். என் கணக்கில் அதுதான் இந்த ஆட்டத்தின் பூர்வீகச் சொத்து. ஆள் சேர்ப்பது, நிலத்தைப் பங்கு போடுவது, காசைச் செலவழிப்பது என்ற மூன்றிலிருந்துதான் இது பிறந்தது. பூதங்கள் பிறகு வந்து சேர்ந்தன.

ஆள் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம். 1960களில் அமெரிக்காவில் போர் விளையாட்டு ஒரு பைத்தியம். ஆனால் சிறுபான்மைப் பைத்தியம். நெப்போலியன் காலத்துச் சிப்பாய் பொம்மைகளை வண்ணம் தீட்டி வைத்திருப்பவருக்கு எதிரில் உட்கார்ந்து ஆட அந்த ஊரில் இன்னொருவர் இருக்கமாட்டார். அவலான் ஹில் நிறுவனம் 1964இல் தொடங்கிய ‘தி ஜெனரல்’ என்ற பத்திரிகையில் அதற்காகவே ‘எதிராளி தேவை’ விளம்பரங்கள் வந்தன. முன்பின் தெரியாதவர்கள் அதைப் பார்த்துக் கடிதம் போட்டு, தபாலிலேயே படை நகர்த்தினார்கள்.

கேரி கைகாக்ஸ் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. 1968இல் லேக் ஜெனீவாவின் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஒரு டாலர் நுழைவுக் கட்டணம் வைத்து, போர் விளையாட்டுக்காரர்களை ஒருநாள் கூட்டினார். கிட்டத்தட்ட நூறு பேர் வந்தார்கள். ‘ஜென் கான்’ என்ற பெயரில் இன்றும் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய திருவிழாவின் முதல் வருடம் அது. அடுத்த ஆண்டு அங்கே வந்தவர்களில் மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்ற கல்லூரி மாணவரும் இருந்தார்.

ஆர்னசனின் ஊர்ப்பக்கம் நேர்மாறான ஒரு பிரச்சினை எழுந்தது. மின்னியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களின் குழுவில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் ஒரு நெப்போலியன் காலத்துச் சண்டையை ஏற்பாடு செய்தார். களம், ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற கற்பனையான ஜெர்மன் ஊர். படைத் தளபதி வேடங்களுக்கு ஆள் கிடைத்தது போக மிச்சமும் வந்து நின்றது. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் அவர்களுக்கும் வேடம் கொடுத்தார் வெஸ்லி. ஒருவருக்கு ஊர்த் தலைவர், இன்னொருவருக்கு வங்கிக்காரர், வேறொருவருக்குப் பல்கலைக்கழகத் தலைவர் என்று. ஆளுக்கொரு நோக்கத்தையும் காதில் போட்டார்.

அவ்வளவுதான், ஆட்டம் கையை விட்டுப் போனது. ஆட்டக்காரர்கள் மேசையை விட்டு எழுந்து மூலைக்கு மூலை போய் ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள், இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றை மோதப் போவதாக வந்து நின்றார்கள். அதற்கு விதியே கிடையாது. வெஸ்லி அந்த இடத்திலேயே பகடையை உருட்டி முடிவு சொன்னார். மேசையில் இருந்த படைகள் மோதிக்கொள்ளவே இல்லை. வீணாய்ப் போன மாலை என்று அவர் நொந்துகொண்டார். வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

பிறகு அவர் நடத்திய ஓர் ஆட்டத்தில் களம் ஒரு லத்தீன் அமெரிக்கக் குட்டிக் குடியரசு. ஆர்னசனுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் புரட்சிக்கார மாணவன் வேடம். அவரோ தன்னை சிஐஏ உளவாளி என்று எல்லோரையும் நம்பவைத்து, கடைசியில் நாட்டின் கஜானாவோடு ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்தாராம். போகிற வழியில் துண்டுப் பிரசுரங்களையும் தெருவில் கொட்டிவிட்டுப் போனார் என்பது வெஸ்லி தரப்பில் சொல்லப்படும் கதை. துண்டுப் பிரசுரத்துக்குத்தானே அவருக்குப் புள்ளி!

இனி நிலம். 1970இல் கைகாக்ஸும் நண்பர்களும் இடைக்காலப் போர்களில் ஆர்வமுள்ளவர்களுக்காக ‘கேஸில் அண்ட் குரூசேட் சொசைட்டி’ என்ற சங்கம் வைத்தார்கள். உறுப்பினர்களுக்குப் பிரபு, வீரன் என்று பட்டங்கள். சங்கத்தின் மடலுக்கு ‘டூம்ஸ்டே புக்’ என்று பெயர். இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னன் 11ஆம் நூற்றாண்டில் எடுக்கவைத்த நிலக் கணக்கெடுப்பின் பெயர் அது. விளையாட்டுச் சங்கத்தின் மடலுக்கு இப்படியொரு பெயரை ஒரு காப்பீட்டுக்காரரைத் தவிர யார் வைப்பார்! சங்கத்தார் ‘பேரரசு’ என்று ஒரு கற்பனை நாட்டின் வரைபடம் போட்டு அதை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முனைந்தார்கள். தன் பங்குக்குள் அவரவர் கோட்டை கட்டிக்கொள்ளலாம், பக்கத்துப் பிரபுவோடு மோதலாம். ஆர்னசன் வடகோடியில் ஒரு பகுதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அதுதான் பிளாக்மூர்.

1971 ஏப்ரலில் ஆர்னசன் தன் குழுவின் சிறு மடலில் ஓர் அழைப்பு விடுத்தார். ஒரு சனிக்கிழமை, அவருடைய வீட்டில், பகல் ஒரு மணியிலிருந்து நள்ளிரவு வரை, இடைக்காலப் பாணியில் ஒரு ‘பிரவுன்ஸ்டைன்’ நடக்கும், தின்பண்டம் வழக்கம்போல, புராணப் பிராணிகள் உண்டு, ட்ரோல் பூதத்தின் பாலத்தடியில் சீட்டாட்டமும் உண்டு. நம் ஊர்ச் சபா நோட்டீஸ்போல நாள், நேரம், பலகாரம் எல்லாம் இருந்த இந்த அழைப்பைத்தான், கற்பனை ராஜ்ய ஆட்டத்துக்கு ஆள் சேர்த்த முதல் விளம்பரம் என்று நான் சொல்வேன். ராஜ்யத்தைக் காப்பாற்ற வாருங்கள் என்றெல்லாம் அது கெஞ்சவில்லை. சீட்டாட்டம் இருக்கிறது என்றது, அவ்வளவே.

வந்தவர்கள் பிளாக்மூரில் பிரபுவாகவும் மந்திரவாதியாகவும் பூசாரியாகவும் குடியேறினார்கள். எதிர்ப்பக்கத்துக் கொடியவர்களும் ஆட்டக்காரர்களே. படை வைத்துக்கொள்ளலாம், வியாபாரம் செய்யலாம். கோட்டைக்கு அடியில் ஆர்னசன் ஒரு நிலவறை வலைப்பின்னலையும் வரைந்து வைத்தார். உள்ளே போனால் பூதம், பூதத்துக்குப் பின்னால் புதையல். அங்கேதான் வினை தொடங்கியது. புதையல் ருசி கண்ட பிரபுக்கள் கோட்டைக் காவலை மறந்து கீழேயே கிடந்தார்கள். எதிரிகள் மேலே வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டையைத் தொலைத்தவர்கள் லாக் ஆஃப் குளூமன் என்ற ஏரிப்பக்கத்துக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ராஜ்யம் கட்டும் ஆட்டமும் நிலவறை ஆட்டமும் ஒரே மேசையில் மோதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஜெயித்தது நிலவறை. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அதுவே ஜெயித்துக்கொண்டிருந்தது.

தங்கத்தை என்ன செய்வது என்பதற்கு ஆர்னசனிடம் ஓர் அருமையான யோசனை இருந்தது. பிளாக்மூர் குறிப்புகளை 1977இல் ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் ‘தி ஃபர்ஸ்ட் ஃபேன்டஸி கேம்பெய்ன்’ என்று புத்தகமாகப் போட்டபோதுதான் அது வெளியில் தெரிந்தது. புதையலைத் தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் போதாது; அதைச் செலவழித்தால்தான் அனுபவப் புள்ளி ஏறும், ஆட்டக்காரர் அடுத்த லெவலுக்குப் போவார். எதில் செலவழிப்பது என்பது அந்த வேடத்தின் குணத்தைப் பொறுத்தது. மது, மங்கை, பாட்டு, செல்வம், புகழ், மதம், பொழுதுபோக்கு என்று ஒரு பட்டியல். செல்வத்தையே விரும்புகிறவன் சேர்த்து வைப்பதற்கும் புள்ளி உண்டு. ஆனால் அதைப் பத்திரமாகத் தன் இருப்பிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வழியில் பறிகொடுத்தால் போச்சு. காசு எங்கே போகிறது என்பதை வைத்து ஆளின் குணத்தைச் சொல்லும் இந்த விதிக்கு முன்னால், இன்றைய ஆட்டங்களில் பக்கம் பக்கமாக எழுதவைக்கும் பாத்திர வரலாறெல்லாம் வளவளப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

1972 கடைசியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து கைகாக்ஸ் வீட்டில் பிளாக்மூரை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அப்போது காப்பீட்டு வேலையை இழந்து, வீட்டில் செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஜெஃப் பெர்ரனோடு சேர்ந்து எழுதிய ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிப்புத்தகம் 1971இல் வெளிவந்திருந்தது; அதன் பின்னால் பூதங்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருந்தார். ஆர்னசனின் ஆட்டம் அவரை அப்படியே உலுக்கிவிட்டது. உடனே ‘கிரேஹாக்’ என்று தன் சொந்தக் கோட்டையை வரைந்தார்.

முதல் ஆட்டக்காரர்கள் வெளியிலிருந்து வரவில்லை. மகன் எர்னி, மகள் எலிஸ். இருவரும் நிலவறைக்குள் போய், கோபோல்டு என்ற குட்டிப் பிசாசுகளை அடித்து விரட்டி, ஒரு பெட்டியைக் கைப்பற்றினார்கள். உள்ளே 3000 செப்புக் காசுகள். தூக்க முடியாத கனம்! பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். கைகாக்ஸ் இந்தக் கஷ்டத்தை விடவில்லை. 1974 புத்தகத்தில் சுமையை அளக்கும் அலகே காசுதான். முழுக் கவசம் 750 காசு எடை. ஒரு மனிதன் 1750. புதையல் கிடைத்த மறுகணமே, அதைத் தூக்க யார், கழுதை எங்கே, கூலி எவ்வளவு என்ற பேச்சு மேசையில் எழுந்துவிடும். பிள்ளைகள் ஆடிய மறுநாள் நண்பர்கள் வந்தார்கள், பிறகு நண்பர்களின் நண்பர்கள். சில நாள் இருபது பேர் வரை அந்த வீட்டில் அடைந்துகிடந்தார்கள்.

புத்தகமாக்கப் பணம் வேண்டுமே. பதிப்பாளர்கள் யாரும் எடுக்கவில்லை. கைகாக்ஸின் பால்ய நண்பர் டான் கே தன் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் பேரில் 1000 டாலர் கடன் வாங்கிப் போட, 1973 அக்டோபரில் ‘டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்’ என்ற டிஎஸ்ஆர் நிறுவனம் பிறந்தது. அந்தப் பணத்தில் முதலில் வேறொரு போர் விளையாட்டுப் புத்தகத்தைப் போட்டார்கள்; அது சரியாக ஓடவில்லை. பிரையன் புளூம் என்பவர் இன்னொரு 2000 டாலரோடு கூட்டாளியாகச் சேர்ந்த பிறகுதான் அந்த 1000 பெட்டிகளை அச்சிட முடிந்தது. வீட்டில் கையாலேயே அடுக்கி ஒட்டி அனுப்பினார்கள். ஓராண்டுக்குள் அத்தனையும் தீர்ந்தன. டான் கே 1975 ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார், வயது 36.

அந்தப் பெட்டிக்குள் ஆள் சேர்ப்பு இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது மேசைக்கு வெளியே: ஒரு நடுவர், 4 முதல் 50 ஆட்டக்காரர்கள் வரை வேண்டும் என்கிறது முன்பகுதி. ஐம்பது பேரா என்று இன்றைக்கு நமக்கு மலைப்பாக இருக்கும். பிளாக்மூரும் கிரேஹாக்கும் ஒரே நாளில் எல்லோரும் உட்கார்ந்து ஆடியவை அல்ல. இன்று வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார், உலகம் மட்டும் அப்படியே இருக்கும். ராஜ்யத்துக்குக் குடிமக்கள் மாதிரி ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்கு உள்ளே. நிலவறைக்குப் போகக் கூலியாட்கள் வேண்டுமானால் சத்திரங்களிலும் சாராயக்கடைகளிலும் அறிவிப்பு ஒட்டு, குள்ளர் நாட்டுக்கும் எல்ஃப் நாட்டுக்கும் தூதன் அனுப்பு என்கிறது முதல் புத்தகம். அதற்கும் காசும் காலமும் பிடிக்கும். வந்தவனுக்கு ஆசை காட்டுவதிலும் தராதரம் உண்டு: குள்ளனுக்குத் தங்கம், மந்திரவாதிக்குத் தங்கத்தோடு மந்திரப் பொருளும், பூசாரிக்கு வழிபாட்டுக்கு ஓர் இடம். குறைந்தது 100 பொற்காசு கொடுத்தாக வேண்டும். பிறகு இரண்டு பகடை. பன்னிரண்டு விழுந்தால் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேருவான். இரண்டு விழுந்தால் வேலை கேட்க வந்தவனே கத்தியை உருவுவான். ‘தி ஜெனரல்’ பத்திரிகையில் ஆள் தேடிப் பழகிய தலைமுறைக்கு எழுதவேண்டிய விதிதான்.

கைகாக்ஸ் ஆர்னசனின் தங்க விதியை நேராக்கினார். செலவழிக்கத் தேவையில்லை, மீட்டுக்கொண்டு வந்தாலே ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. புத்தகத்தில் அவர் காட்டும் கணக்கிலேயே விஷயம் விளங்கிவிடும். ஒரு ட்ரோல் பூதத்தைக் கொன்றால் 700 புள்ளி. அது காவல் காத்த தங்கம் 7000 காசு, அதற்கு 7000 புள்ளி. சண்டையை விடச் சம்பாத்தியம் பத்து மடங்கு. தூங்குகிற பூதத்தை எழுப்பாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்தான் கெட்டிக்காரன். போர் வீரன் 240000 புள்ளி சேர்த்தால் ‘லார்டு’ ஆகிவிடுவான்; கோட்டை கட்டிக்கொண்டு பிரபுவாக வரி வசூலிக்கலாம். அதுவரை தன் அனுபவப் புள்ளியில் நூற்றுக்கு ஒரு பங்கைக் காசாகப் பராமரிப்புக்குக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுப்பக்கத்தில் கோட்டை எழுப்பிவிட்டால் அது நின்றுவிடும். குடியிருக்க நிலம் தேடிப் போகச்சொல்லி ஆட்டம் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது என்றே சொல்ல வேண்டும்.

இத்தனை தங்கம் ஊருக்குள் வந்தால் விலைவாசி என்னாகும்? 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்கும் சமாதானம் சொன்னார். அலாஸ்காவில் தங்க வேட்டை நடந்தபோது முட்டை ஒன்று ஒரு டாலருக்கு விற்றதில்லையா, அதுமாதிரிதான் சாகசக்காரர்கள் புழங்கும் ஊரின் விலைகளும் என்றார். அவருடைய சொந்த வேடங்களுக்கே பணம் சுமையாகிவிட்டது. மோர்டென்கைனன் முதலான எட்டு வேடங்களிடமும் செலவழிக்க முடியாத செல்வமும் நாடுகளுக்கு ஈடான படைகளும் சேர்ந்துவிட, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தீயவர் நாட்டின் நடுவில் ஒரு பெருங்கோட்டை கட்டினார். எதற்கு? சாகசத்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிராது என்பதற்கு! ராஜ்யம் கிடைத்த பிறகும் மனசு நிலவறையிலேயே.

ஆக்கியவர்களின் ராஜ்யமும் நிலைக்கவில்லை. 1979இல் ஆர்னசன் உரிமைத் தொகை கேட்டு டிஎஸ்ஆர்மீது வழக்குப் போட்டார், 1981இல் சமரசமானது. 1985இல் கைகாக்ஸின் கையிலிருந்து நிறுவனம் நழுவியது. 1997இல் அதை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது.

ஆட்டத்துக்குள்ளும் தங்கத்தின் மவுசு தேய்ந்தது. 1984இல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய ‘கம்பேனியன்’ பெட்டி அரசாட்சி விதிகளை விரிவாக்கியது. 1995இல் ‘பர்த்ரைட்’ ஆட்டக்காரர்களை முதல் நாளே மன்னர்களாக உட்காரவைத்தது. இரண்டையும் கொண்டாடியவர்கள் கொஞ்சம் பேர். 1989இன் இரண்டாம் பதிப்பில் தங்கத்துக்குப் புள்ளி என்பது விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றானது. 2000இன் மூன்றாம் பதிப்பில் அதுவும் போயிற்று. இனிப் பெரும்பாலும் பூதத்தை வீழ்த்தினால்தான் புள்ளி. கோட்டையும் தானாக வராது. எதற்கு லெவல் ஏறுகிறோம் என்று கேட்டால், இன்னும் பெரிய பூதத்தைக் கொல்ல என்பதே பதிலாயிற்று. எனக்கு இது ஒரு நட்டமாகவே படுகிறது.

விட்ட இடத்தை 2010இல் பைசோ நிறுவனம் தன் ‘பாத்ஃபைண்டர்’ என்ற வேட ஆட்டத்துக்காக வெளியிட்ட ‘கிங்மேக்கர்’ கதைத்தொடர் எடுத்துக்கொண்டது. ஆறு புத்தகங்கள். கதைக்குத் தொடக்கமே ஒரு சாசனம்: யாருக்கும் அடங்காத காட்டுநிலத்தைச் சுற்றிப் பார்த்து, கொள்ளையரை விரட்டினால் நிலம் உங்களுக்கு. அறுகோணம் அறுகோணமாக நிலத்தைக் கைப்பற்றி, ஊர் எழுப்பி, மாதத்துக்கொரு முறை அரசுக் கணக்குப் பார்க்க வேண்டும். பொருளாதாரம், விசுவாசம், நிலைத்தன்மை என்று மூன்று எண்கள். பக்கத்தில் குடிமக்களின் கொந்தளிப்புக்கு ஓர் எண். கஜானாவிலிருந்து சொந்தச் செலவுக்கு எடுத்தால் கொந்தளிப்பு ஏறும். பிற்பாடு இதைக் கணினி விளையாட்டாகவும் ஆக்கினார்கள்.

இந்த மாதிரி ஆட்டத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் இன்றைக்கும் ஒரு தவறு செய்கிறார்கள். மன்னராக வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். எல்லோரும் மன்னராக வந்து உட்கார்ந்தால் வரவு செலவு பார்ப்பது யார்? பிரவுன்ஸ்டைனில் வங்கிக்காரர் வேடம் கிடைத்தவர் அன்று எவ்வளவு குஷியாக இருந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கலாம். அவரைப்போல ஒருவரை முதலில் பிடிக்க வேண்டும். பேரம் பேசுவதில் ருசி உள்ளவர், சாலை போட்டால் எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்று தாள் ஓரத்தில் கணக்குப் போடுகிறவர். வாள் வீசுகிறவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

‘கிங்மேக்கர்’ அரசவையில் மொத்தம் 11 பதவிகள்: ஆட்சியாளர், ஆலோசகர், தளபதி, ஒற்றர் தலைவர், பொக்கிஷதார் என்று போகும். மேசையில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நாலு பேர். மிச்ச நாற்காலிகளுக்கு ஆட்டத்துக்குள்ளேயே வழிப்போக்கர், வியாபாரி, மன்னிப்புப் பெற்ற கொள்ளைக்காரன் என்று யாரையாவது தேடிப்பிடித்து உட்காரவைக்க வேண்டும். பெரும்பாலான நாற்காலிகள் காலியாக இருந்தால் ஏதாவதொரு நட்டம் உண்டு. பொக்கிஷதார் நாற்காலி காலி என்றால் பொருளாதாரத்தில் நாலு புள்ளி குறையும். வரி வசூலும் கிடையாது.